கதவுச் சின்னம்

எங்கள் வாய்க்கால்கரையில் கதவுகள் காணாமல் போன விடியலில் அதை முதலில் தெரிந்துகொண்டவை நாய்கள்தான். வழக்கம்போல வாசலில் நின்று வாலாட்டிக்கொண்டிராமல் அவை நேரே உள்ளே நடந்து, அடுப்படியில் மூடி வைத்திருந்த பழைய சோற்றைத் தின்று, தூங்கிக்கொண்டிருந்தவர்களின் முகத்தை ஒருமுறை மோந்து பார்த்து, எந்த அவசரமும் இல்லாமல் வெளியே போய்விட்டன. நிலைகள் அப்படியே நின்றன, கீல்கள் இருந்தன, கீலுக்கு விட்ட எண்ணெயின் பிசுக்குகூட இருந்தது, கதவுகள்தான் இல்லை; பழைய மரக்கடையில் பேரம் பேசி வாங்கிய தேக்குக் கதவும், வேப்பம்பலகைக் கதவும், தகரம் அடித்த கதவும், மூடிப்போன பால்பண்ணையிலிருந்து யாரோ தூக்கிவந்து யாரோ மாட்டிய பச்சைக் கதவும் ஒன்றுபோலப் போயிருந்தன. தொலைந்த ஆட்டைத் தேடுகிற மாதிரி வாய்க்காலின் இரண்டு பக்கமும், உடைமரக் காட்டுக்குள்ளும், மதகுக்குக் கீழேயும் தேடினோம். பேச்சித்தாய் மட்டும் தேட வரவில்லை. மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவளிடம் கேட்டதற்கு, "எங்க போய்த் தேடுதிய? நாமதான குடுத்தோம்" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்கால்கரை என்பது புறம்போக்கு. நிலத்துக்கு அரசாங்கம் வைத்த அந்தப் பெயரை டவுன்காரர்கள் எங்களுக்கும் சேர்த்தே வைத்திருந்தார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் வீடுகளை இடிக்க இயந்திரம் வந்தது. கிழக்கிலிருந்து வரிசையாக இடித்துக்கொண்டு வந்த அது பேச்சித்தாயின் வீட்டு முன்னால் நின்றுவிட்டது. அவள் காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையோடு உள்ளே தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்தாள், கத்தவில்லை, கெஞ்சவில்லை, எத்தனை பேர் தட்டியும் திறக்கவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கும்போது இடிக்கத் தனி உத்தரவு வேண்டும் என்று அதிகாரி அதை வாங்கப் போனார், அந்த உத்தரவு வர வருஷங்கள் ஆயின. அந்தப் புழுதிக்குள் நின்றுதான், அரிசி மில்லில் லோடுமேன்களுக்குத் தலைவராயிருந்த பரஞ்சோதி அண்ணாச்சி குடிமனைக் கட்சியை ஆரம்பித்தார். சின்னம் எதுவென்று யாரும் யோசிக்கவில்லை, கதவுதான்.

எங்கள் கட்சியில் கை தூக்கித் தீர்மானம் போடுவது கிடையாது. எல்லோரும் உட்கார ஒரு கூரை இல்லை, அதோடு கை தூக்குகிறவனை மேஸ்திரியும் மச்சானும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் கையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், கட்சிக்காகச் சம்மதம் கேட்கிற ஐசக்கண்ணன் தெருவில் நடந்து வருவார், சம்மதம் என்றால் கதவைத் திறந்து வைக்க வேண்டும், சம்மதமில்லை என்றால் சாத்தி வைக்க வேண்டும். சாத்திய கதவை அவர் மடக்கிய விரலால் இரண்டு தடவை தட்டுவார். காற்றில் சாத்திக்கொண்டதா, ஆள் சாத்தியதா என்று தெரிய வேண்டும் அல்லவா? அப்புறமும் திறக்கவில்லை என்றால், வேதக்கோவிலில் அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில் "சாத்தியிருக்கு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். வேட்பாளராகப் பேச்சித்தாயைத் தேர்ந்தெடுத்ததும் இப்படித்தான். விருப்பமனு கொடுத்த இன்னும் இரண்டு பேரில் ஒருத்தர் சோதிடர், ஒருத்தர் தன் பெயரையே சுவரில் எழுதிக்கொண்டு திரிந்தவர், அவர்களுக்குக் கதவு திறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இரண்டு தேர்தலில் தனியாக நின்றோம், இரண்டிலும் டெபாசிட் போனது. இந்தமுறை கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது: கோடை முடிவதற்குள் கரையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சட்டசபையில் எங்களுக்கென்று ஒரு ஆள் எழுந்து நின்று பட்டா கேட்டால் ஒழிய வேறு வழி இல்லை என்று வக்கீல் கையை விரித்தார். அதனால் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு பெரிய கட்சியின் ஆபீஸ் நடையில் போய் உட்கார்ந்தார். அங்கே அவரைப் போல எத்தனையோ சின்னக் கட்சித் தலைவர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் எழுந்து உள்ளே போகும்போது மற்றவர்கள் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். மூன்று தொகுதி கேட்கப் போனவர் இரண்டு என்றார், அப்புறம் ஒன்று என்றார், கடைசியில் அந்த ஒன்றையும் தேர்ச் சின்னத்தில் நின்றால் தருகிறோம் என்றார்கள். தேர் அவர்களுடைய சின்னம். அதில் ஜெயித்தால் பேச்சித்தாய் சட்டப்படி அவர்கள் ஆளாகத்தான் உட்கார முடியும், அவர்கள் சொல்கிற பக்கம்தான் கை தூக்க முடியும் என்பதை அண்ணாச்சி எங்களிடம் மறைக்கவில்லை. "கதவுல நின்னா மானம் மிஞ்சும், தேர்ல நின்னா வீடு மிஞ்சும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். நாங்களும் அழுதோம், அழுதுகொண்டே அன்று சாயங்காலம் எல்லாரும் கதவைத் திறந்து வைத்தோம். பேச்சித்தாயும் திறந்து வைத்தாள். கதவைக் கொடுத்துவிடலாமா என்று கதவையே கேட்டிருக்கிறோம். இப்படி ஒரு தப்பு எங்களைத் தவிர வேறு யாருக்கும் செய்ய வாய்க்காது.

மறுநாள்தான் நாய்கள் உள்ளே வந்தன.

கொஞ்ச நாளில் எல்லாம் பழகிவிட்டது. நிலைகளில் சேலையைக் கட்டினோம். குளிக்கிறவளுக்கு இரண்டு பேர் முதுகைக் காட்டி நின்று மறைத்தோம். யார் வீட்டில் மீன், யார் வீட்டில் வெறும் ரசம் என்பது தெருவுக்கே தெரிந்ததால் மீன் வாங்கியவர்கள் குற்றம் செய்தவர்கள் மாதிரி குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அலைந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பத்து வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். பெண்டாட்டியை அடிக்கிறவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், அவர்கள் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷனில் கதவுகளுக்கு அங்க அடையாளம் கேட்டார்கள். தச்சரைக் கூட்டிவந்து புதுக்கதவு மாட்டிய வீடுகளில், மறுநாள் பால்காரர் வருகிற நேரத்துக்குள் திருகாணிகள் மட்டும் தரையில் கிடந்தன, தகரத்தை அடித்தாலும் அதே கதைதான். பத்திரிகையில் தங்கம் விலைக்குக் கீழே ஒரு சின்னச் செய்தி வந்தது. பெரிய கட்சியின் பேச்சாளர் ஒருவர் எங்கள் தெருவிலேயே மேடை போட்டு, கதவே தேவைப்படாத பொற்காலத்தைத் தரப்போகிறோம், இதோ அதற்கு வாய்க்கால்கரையே சாட்சி என்று பேசினார். நாங்களும் கை தட்டினோம், கூட்டணி தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

பேச்சித்தாய் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. அன்று காய்ச்சலில் கிடந்த குழந்தை சுபா இப்போது பெரியவளாகிவிட்டாள். புருஷன் இல்லாத வீடு, கதவும் இல்லாத வீடு. பொழுது சாய்ந்தால் பேச்சித்தாய் பெண்ணின் கணுக்காலில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நிலைக்குக் குறுக்கே படுத்தாள். பகலில் தேர் போட்ட துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டாள். கயிறு அழுத்திய தடத்தை மறைக்க அந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டாள்.

கதவுகளைத் திரும்பக் கேட்டுப் பார்ப்போம் என்று அண்ணாச்சியே முடிவு செய்தார். பழைய தீர்மானத்தை ரத்து செய்யலாமா என்று கேட்டுத் தெருவில் ஐசக்கண்ணனை நடக்கவிட்டார். கதவில்லாத வீடெல்லாம் திறந்த வீடுதானே, ஏகமனதாக நிறைவேறியது. நாங்கள் சந்தோஷப்பட்டுப் பாயசம்கூட வைத்தோம். மறுநாள் நாய்கள்தான் வந்தன. அதைக் கேள்விப்பட்டுப் பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளர் வந்து, அந்த ரத்தை ரத்து செய்யலாமா என்று கேட்கச் சொன்னார், அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கேட்கிறவர் யாராக இருந்தாலும், கேட்பது எதுவாக இருந்தாலும் எங்கள் தெரு சம்மதம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மாட்டோம் என்று சொல்ல எங்களிடம் ஒரு பொருளும் இல்லை, மாட்டோம் என்று சொல்ல முடியாதவர்களின் சம்மதத்துக்கு யாரிடமும் மதிப்பும் இல்லை.

மாவட்டச் செயலாளரை அவர்கள் கட்சியில் மாவட்டம் என்றே கூப்பிடுவார்கள். மாவட்டம் சாப்பிட்டாச்சா, மாவட்டம் தூங்குது என்று பேசிக்கொள்வார்கள். மனுத்தாக்கலுக்குக் கடைசி நாளைக்கு முந்தின நாள் மத்தியானம் மாவட்டம் வெள்ளைக் காரில் மறுபடி வந்தது. கூடவே கல்குவாரி வைத்திருக்கும் சித்திரைவேல் வந்தார். வாய்க்காலுக்குக் கான்கிரீட் கரை போடுகிற வேலையை எடுக்கப்போகிறவர் அவர்தான் என்பதும், கரை போட வேண்டுமானால் எங்கள் வீடுகள் இருக்கக்கூடாது என்பதும் எங்களுக்கு முன்பே தெரியும். அவர் அண்ணாச்சியின் கையால் குடிமனைக் கட்சி உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொண்டு, அந்த அட்டையாலேயே விசிறிக்கொண்டார். வேட்பாளர் அவர்தான், பேச்சித்தாய்க்கு அப்புறம் ஏதாவது வாரியத்தில் பார்த்துக்கொள்ளலாம், தொகுதி உங்களுக்கு, ஆள் எங்களுக்கு, இதுதான் தலைமையின் வியூகம் என்று மாவட்டம் விளக்கியது. சாயங்காலத்துக்குள் உங்கள் வழக்கப்படி ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னது. மறுத்தால் இருக்கிற ஒரு தொகுதியும் போகும், கதவுச் சின்னத்தை யாரோ முகம் தெரியாத சுயேச்சை ஏற்கெனவே கேட்டு வைத்திருப்பதாகச் செய்தி வந்திருந்தது, திரும்பிப் போகவும் வாசல் இல்லை. காருக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அண்ணாச்சியையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார்.

பேச்சித்தாய் துண்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வீடு வீடாகப் போனாள். மாட்டோம் என்று சொல்லுங்கள், எனக்காக வேண்டாம், இந்த ஆள் உள்ளே வந்தால் கோடை முடிகிற வரைக்கும்கூட விட்டு வைக்க மாட்டான் என்று கெஞ்சினாள். இயந்திரத்தின் முன்னால் கெஞ்சாதவள் கெஞ்சுவதைப் பார்க்க முடியாமல் நாங்கள் தரையைப் பார்த்தோம். பக்கத்து வீட்டு உச்சிமாகாளி மதினிதான் எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டாள்: "எதை வச்சுட்டி மாட்டோம்னு சொல்ல? சேலையைத் தட்டுனா சத்தம் வருமா?" பேச்சித்தாய் வீட்டுக்குத் திரும்பி, அடுப்பைக் கூட்டாமல், சுபாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஐசக்கண்ணன் புறப்பட்டார். சாவு விசாரிக்கத் துட்டி வீட்டுக்குப் போகிறவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு நிலையின் முன்னாலும் நின்று, "திறந்திருக்கு" என்றார், "திறந்திருக்கு" என்றார், அந்தச் சொல் தெருவழியே எங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பதுபோல வந்துகொண்டே இருந்தது. பேச்சித்தாய் வீட்டுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். அவள் நிலைக்குள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் இரண்டு பக்கச் சட்டத்தில் ஊன்றி, கால்களை அகட்டி, தலை மேற்சட்டத்தில் இடிக்கிற அளவுக்கு எக்கி நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் வீடு தெரியவில்லை.

"தள்ளிக்கம்மா, பாக்கணும்லா."

"பாருங்க."

"நீ நின்னா எப்படிம்மா?"

"தட்டிப் பாருங்க, ஐசக்கண்ணே. தட்டாம சொல்லக் கூடாதுல்லா."

அவருக்குக் கை வரவில்லை. கல்யாண வீட்டில்கூடப் பெண்களுக்கு எட்டி நின்று கும்பிடு போடுகிற மனிதர். சுடுகிற சட்டியைத் தொடுகிறவர்போல விரலை மடக்கி அவள் தோள் எலும்பில் ஒரு தட்டுத் தட்டினார். அவள் அசையவில்லை. இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு, தெருவின் பக்கம் திரும்பி, "சாத்தியிருக்கு" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உச்சிமாகாளி மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் நிலைக்குள் நின்றாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அடுத்த வீடு என்று தெரு முழுக்க ஆட்கள் ஓடினார்கள். குழாயடியில் நின்றவர்களும் டீக்கடையில் நின்றவர்களும் ஓடிவந்தார்கள். வாதத்தில் படுத்துக்கிடந்த பொன்னையாவை நாற்காலியோடு தூக்கி நிலைக்குள் வைத்தார்கள். பல வருஷமாகப் பேசிக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நிலை அகலமாக இருந்ததால் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்த வீட்டில் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றார்கள். ஏற்கெனவே தாண்டிப்போன வீடுகளுக்கெல்லாம் ஐசக்கண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் ஓடி ஓடித் தட்டினார், நெஞ்சிலும் தோளிலும் முட்டியிலும் தட்டினார், தட்டும்போது எங்களுக்கு வலித்தது. வலிக்காமல் மாட்டோம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். சாத்தியிருக்கு, சாத்தியிருக்கு என்று அந்தச் சொல் கரை நெடுகப் போய்க் காரின் கண்ணாடிவரை போனது.

மாவட்டம் கோபப்படவில்லை. கண்ணாடியை இறக்கி, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி பரஞ்சோதி, இறங்கிக்கோங்க. நடையில இன்னும் எத்தனையோ பேரு உக்காந்திருக்காவ" என்றது. கார் போய்விட்டது. அதோடு தொகுதியும் போயிற்று, சட்டசபையில் எழுந்து நிற்கப்போகிற எங்கள் ஆளும் போயிற்று, பட்டாவும் போயிற்று. நிலைகளுக்குள் நின்றுகொண்டிருந்த எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் கை தட்டவில்லை. ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்டால் என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது, பயமாக இருந்தது, அது மட்டும் நிச்சயம். தெருவின் கடைசியில் சுபாவின் குரல் மட்டும், அம்மா கையை இறக்கும்மா, எல்லாரும் போயிட்டாவ என்று கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் இறக்கவில்லை.

பரஞ்சோதி அண்ணாச்சி தெரு நடுவில் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. எத்தனை வாசலில் அவருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறோம், எத்தனை வாசலில் அவர் சாப்பிட்டிருக்கிறார்! இப்போது எந்த வாசலிலும் நுழைய இடம் இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் தன் வீட்டுக்குப் போனார். அங்கே அவர் மனைவி செல்லக்கிளி மதினி நிலைக்குள் நின்றுகொண்டிருந்தாள். ஐசக்கண்ணன் கடைசியாகத் தட்டிய வீடு அதுதான்.

"தள்ளிக்கட்டி, உள்ள போணும்" என்றார்.

மதினி அவருக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "யாரு?" என்று கேட்டாள்.

"நாந்தான்."

"நாந்தான்னா?"

அவர் வாயைத் திறந்தார். ஆபீஸ்களுக்குப் போன் பண்ணும்போதும், மேடையில் மைக்கைப் பிடிக்கும்போதும், ராத்திரி குடித்துவிட்டுப் பாடும்போதும்கூட, குடிமனைக் கட்சி பரஞ்சோதி என்றுதான் அவர் தன்னைச் சொல்வார். அந்தப் பெயரின் முன்பாதி இன்று மத்தியானம் ஒருத்தர் கையில் விசிறியாகிப் போயிருந்தது, பின்பாதி தனியாக நிற்கத் தெரியாமல் அவர் தொண்டைக்குள்ளேயே கிடந்தது. தலைவர் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். உன் புருஷன் என்று சொல்ல வாயெடுத்து அதையும் விட்டுவிட்டார். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம். "யாருன்னு கேட்டேன்" என்றாள் மதினி, கோபம் இல்லாமல், கேட்டே ஆக வேண்டும் என்பதற்காகக் கேட்கிற குரலில்.

அவர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போக இடமில்லாதவன்" என்றார்.

செல்லக்கிளி மதினி ஒரு கையை மட்டும் இறக்கினாள். அவர் குனிந்து, அவள் இடுப்புக்குப் பக்கத்தில் கிடைத்த இடைவெளியில் நுழைந்து உள்ளே போனார். அவர் போனதும் அவள் அந்தக் கையை மறுபடி உயர்த்திச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள். இயந்திரம் கோடை முடிவதற்குள் வரும், எந்த நாள் என்று தெரியாது, அதனால் நாங்களும் கையை இறக்கவில்லை.